பண்ணைப்புரத்துக்காரருக்கு சிம்பொனி எப்படி வந்தது?

உசிலம்பட்டிப் பக்கமிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார். சுருக்கினால் கேள்வி இதுதான்: இளையராஜா 35 நாளில் ஒரு சிம்பொனி எழுதினார் என்கிறார்களே, சிம்பொனி எழுதுவது என்றால் என்ன வேலை, பாட்டுக்கு மெட்டுப் போடுவது மாதிரிதானா? நம்ம பக்கத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்து, காலேஜ் வாசலை மிதிக்காத ஒருவருக்கு அது எப்படி வந்தது? பத்தாவது முடித்திருக்கும் தன் மகன் கீபோர்டு வாசிக்கிறான், நானும் சிம்பொனி எழுதுவேன் என்கிறான், கேட்டுச் சிரித்துவிட்டுப் போவதா, எங்கேயாவது சேர்த்துவிடுவதா? கேள்வி மூன்றாகத் தெரிந்தாலும் அவர் மனசில் இருப்பது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். இது வரமா, தொழிலா? வரம் என்றால் வந்தவருக்கு வந்தது, நமக்கென்ன. தொழில் என்றால் கற்றுக்கொள்ள ஒரு வழி இருந்தாக வேண்டும். தொழில் என்பதுதான் என் பதில். ஆனால் அந்தத் தொழிலில் கை என்ன செய்கிறது என்று பார்க்காமல் இந்தப் பதிலால் பிரயோஜனம் இல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு சர்ச் கொயரில் (பாடகர் குழுவில்) டெனர், அதாவது ஆண்களின் மேல் குரல், பாடி, அங்கேயே வயலின் கற்று, எண்பதுகளின் கடைசியில் சென்னைக்குப் போனவன். ஸ்டூடியோக்களில் வயலின் வரிசையின் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தது கொஞ்சம், நோட்ஸ் எழுதிக் கொடுத்தது நிறைய. இசையமைப்பாளர் எழுதிய முழு ஸ்கோரைப் பார்த்து ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவரவர் பார்ட்டைத் தனித்தனியாகப் பிரித்து எழுதுவதுதான் அந்த வேலை. இப்போது மதுரையில் பிள்ளைகளுக்கு வயலினும் தியரியும் சொல்லித் தருகிறேன். இளையராஜாவிடம் நான் வேலை பார்த்ததில்லை. ஆகவே அவர் வாழ்க்கையைப் பற்றி எழுதுவதெல்லாம் பொதுவில் பதிவான செய்தி. தாளும் பேனாவும் சம்பந்தப்பட்டது மட்டும் என் கை அனுபவம்.

முழு ஸ்கோர் ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். மேலிருந்து கீழாக ஏறத்தாழ இருபது வரி. உச்சியில் புல்லாங்குழல், ஓபோ, கிளாரினெட், பசூன். அதற்குக் கீழே ஹார்ன், டிரம்பெட், டிராம்போன், டியூபா. அப்புறம் டிம்பனி முதலான தாள வாத்தியங்கள். அடியில் ஐந்து வரி தந்தி வாத்தியங்கள்: முதல் வயலின், இரண்டாம் வயலின், வியோலா, செல்லோ, டபுள் பாஸ். இடமிருந்து வலம் படித்தால் காலம் நகர்கிறது, மேலிருந்து கீழே படித்தால் ஒரே கணம். மெட்டு என்பது இந்த இருபது வரியில் ஒன்று, அவ்வளவுதான். அதே கணத்தில் மற்றப் பத்தொன்பது வரியில் யார் என்ன வாசிக்கிறார், எவ்வளவு சத்தமாக, வில்லால் இழுத்தா விரலால் சுண்டியா, யார் சும்மா இருக்கிறார் என்பதையும் எழுதியாக வேண்டும். நம்ம கச்சேரியில் மிருதங்கக்காரருக்கு யாரும் எழுதிக் கொடுப்பதில்லை, கீர்த்தனை தெரிந்தால் அவரே பார்த்துக்கொள்வார். இங்கே டிம்பனிக்காரர் அறுபத்து நான்கு பார் (பார் என்றால் ஒரு தாளச் சுற்று) கை கட்டி உட்கார்ந்து எண்ணிக்கொண்டே இருந்து, அறுபத்தைந்தாவது பாரில் ஒரே ஒரு அடி அடிப்பார். அந்த ஒரு அடியும் எழுதினவர் சொன்னது, அந்த அறுபத்து நான்கு பார் மௌனமும் எழுதினவர் சொன்னது.

கணக்குப் போட்டால் இன்னும் தெளிவாகும். நான்கு தட்டு கொண்ட பார், நிமிடத்துக்கு 120 தட்டு என்று வைத்தால், ஒரு நிமிடத்துக்கு 30 பார். அரை மணி நேரச் சிம்பொனிக்கு 900 பார். அதை இருபது வரியால் பெருக்கினால் 18,000 கட்டம். நிறையக் கட்டத்தில் வெறும் ஓய்வுக்குறிதான் இருக்கும், ஆனாலும் அங்கே ஓய்வு என்று ஒருவர் முடிவு செய்ய வேண்டும் இல்லையா?

இதோடு முடிந்தால் பரவாயில்லை. வாத்தியங்கள் எல்லாம் ஒரே பாஷை பேசுவதும் இல்லை. சாதாரண கிளாரினெட்காரர் தாளில் 'சி' என்று பார்த்து வாசித்தால் காதில் விழுவது 'பி ஃபிளாட்', ஒரு முழு ஸ்வரம் கீழே. ஹார்னுக்கு 'சி' என்று எழுதினால் அதற்குக் கீழே உள்ள 'எஃப்' ஒலிக்கும். டபுள் பாஸ் ஒரு ஸ்தாயி கீழே. வியோலாவுக்கு வேறு கிளெஃப், அதாவது எந்தக் கோடு எந்த ஸ்வரம் என்று சொல்லும் குறி. தொண்ணூறுகளில் ஒரு ரீ-ரெக்கார்டிங், படத்தின் பின்னணி இசைப் பதிவு. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதினதில் கிளாரினெட் பார்ட்டை ஒரு ஸ்வரம் ஏற்றாமல் அப்படியே எழுதி வைத்துவிட்டேன். காலையில் நாற்பது பேர் உட்கார்ந்து முதல் ஒத்திகை. கிளாரினெட் வாசித்தவர் பெரிய அனுபவஸ்தர். தாளில் இருந்ததை ஒரு பிசிறு இல்லாமல் வாசித்தார். அந்தச் சுத்தமே வினை ஆகிவிட்டது. மொத்த வயலின் வரிசையும் புளியங்காய் கடித்த மாதிரி முகத்தைச் சுளித்தது. நடத்தியவர் கையை இறக்கினார். கால்ஷீட் ஓடிக்கொண்டிருக்கிறது, தயாரிப்பாளரின் ஆள் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறார். இசையமைப்பாளர் உள்ளே வந்து ஸ்டாண்டில் இருந்த தாளைப் பார்த்தார், வாத்தியத்தைத் தொடவில்லை, கீபோர்டு பக்கம் போகவில்லை. பென்சிலை வாங்கி அந்த எட்டு வரியையும் நின்றபடியே மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று நிமிடம் இருக்கும். அடுத்த முறை சரியாக விழுந்தது. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்த மாதம் கூப்பிடவும் இல்லை.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது அவமானம் மட்டும் இல்லை. அந்த மனிதருக்கு இருபது வரியும் தாளைப் பார்த்தாலே காதுக்குள் கேட்கிறது. நாம் தினசரிப் பேப்பரை வாய்விட்டுப் படிக்காமலே அர்த்தம் பண்ணிக்கொள்கிறோமே, அந்த மாதிரி. ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுகிறவருக்குத் தேவையான அடிப்படைத் திறமை அதுதான். பிறவியில் கொஞ்சம் நல்ல காது வேண்டும், சரி. ஆனால் பெரும்பங்கு பழக்கம். ஆரம்பப் பள்ளியில் எழுத்துக் கூட்டிப் படித்த பையன்தான் பின்னால் மனசுக்குள் படிக்கிறான்.

இது கருவிப் பிரச்சினை. சிம்பொனிக்கு இன்னொரு பிரச்சினை உண்டு, கட்டுமானம். சிம்பொனி என்பது வழக்கமாக நான்கு பாகம் கொண்ட நீண்ட படைப்பு, வார்த்தை கிடையாது, கதை கிடையாது. முதல் பாகத்துக்கு 'சொனாட்டா' என்று ஒரு வடிவம் உண்டு. நம்ம ஊர் ஆட்களுக்கு நான் சித்திரைத் திருவிழாவை வைத்துத்தான் சொல்லிக் கொடுப்பேன். கோயிலுக்குள் மீனாட்சி கல்யாணம் ஒரு கதை. அழகர் மலையிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வருவது இன்னொரு கதை. இரண்டுக்கும் வெவ்வேறு இடம், வெவ்வேறு நிறம். இசையில் இரண்டு கருப்பொருள் வெவ்வேறு சுருதியில் அறிமுகம் ஆவது இதுதான். அப்புறம் எதிர்சேவை, ஆற்றில் இறங்குவது, வண்டியூர், தேனூர் மண்டபம், தசாவதாரம் என்று ஒரே அழகர் வேறு வேறு வேஷத்தில் வேறு வேறு இடத்தில் தெரிகிறார். இசையில் இதை வளர்ச்சிப் பகுதி என்பார்கள், அதே கருப்பொருளைத் துண்டாக்கி, சுருதி மாற்றி, வேறு வாத்தியத்துக்குக் கொடுத்து அலைக்கழிப்பது. கடைசியில் பூப்பல்லக்கு, மலைக்குத் திரும்புதல். புறப்பட்ட அதே சுருதிக்கு இசையும் திரும்பும், ஆனால் இவ்வளவு தூரம் சுற்றி வந்த பிறகு கேட்பதால் அது வேறு மாதிரி காதில் விழும். உவமையை ரொம்ப இழுக்கக் கூடாது. சொனாட்டாவில் இரண்டு கருப்பொருளும் கடைசியில் ஒரே சுருதிக்கு வந்து சேர்ந்துவிடும். அழகரோ தங்கச்சி கல்யாணத்தைப் பார்க்காமலே போய்விடுவார்.

இனி ஆள். இளையராஜா 1943 ஜூனில் பண்ணைப்புரத்தில் பிறந்தார். அப்போது அது மதுரை மாவட்டம், இப்போது தேனி மாவட்டம், கோம்பை தேவாரம் பக்கம் மலையடிவாரம். பேர் ஞானதேசிகன், கூப்பிட்டது ராசய்யா. அண்ணன் பாவலர் வரதராசன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைப் பாடகர். பதினான்கு வயசு வாக்கில் அவர் குழுவில் சேர்ந்த தம்பி ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பத்து வருஷம்போல ஊர் ஊராகச் சுற்றினார். இந்தப் பத்து வருஷத்தை எல்லோரும் உருக்கமாக எழுதிவிட்டுக் கடந்துவிடுவார்கள். எனக்கு இது பயிற்சிக்கூடமாகத்தான் தெரிகிறது. தேர்தல் மேடையில் காலையில் வந்த செய்திக்கு ராத்திரி பாட்டு வேண்டும். கூட்டத்துக்குத் தெரிந்த தெம்மாங்கு மெட்டாக இருக்க வேண்டும், ஆனால் புதுசாகவும் இருக்க வேண்டும். காத்திருந்து கற்பனை வரட்டும் என்று உட்கார அங்கே யாருக்கும் நேரமில்லை. ஆனால் ஒன்று: அந்தப் பத்து வருஷமும் காதுவழிப் பயிற்சி. தாள் அங்கே கிடையாது.

தாள் வந்தது அறுபதுகளின் கடைசியில் சென்னைக்குப் போன பிறகு, தன்ராஜ் மாஸ்டரிடம். நீங்கள் கேட்ட கேள்விக்கு இந்த இடம்தான் பதில் என்பதால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசையை முறையாகச் சொல்லிக் கொடுத்தவர், ஸ்டாஃப் நோட்டேஷன் (ஐந்து கோட்டில் இசையை எழுதும் முறை), ஹார்மனி (ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து ஒலிக்க வைப்பது), பியானோ, கிட்டார் எல்லாம். ராசய்யாவை 'ராஜா' ஆக்கியதும் அவர்தான், 'இளைய' என்று முன்னால் சேர்த்தது பின்னால் 'அன்னக்கிளி' படத்தை எடுத்த பஞ்சு அருணாசலம். லண்டன் டிரினிட்டி காலேஜ் நடத்தும் தேர்வில் கிளாசிக்கல் கிட்டாரில் தங்கப் பதக்கமும் வாங்கினார். இசையமைப்பாளர் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராகப் பல வருஷம், பெரும்பாலும் கன்னடப் படங்கள். பிறகு டி.வி.கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக சங்கீதம். 1976இல் முதல் படமான 'அன்னக்கிளி' வந்தபோது அவருக்கு முப்பத்து மூன்று வயசு ஆகப்போகிறது. ஆகவே காலேஜ் வாசலை மிதிக்கவில்லை என்பது உண்மை, படிக்காதவர் என்பது பொய். ஆர்மோனியத்தோடு சென்னைக்கு வந்த கிராமத்துக்காரர், இருபத்தைந்து வயசுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படிக்க உட்கார்ந்தார். இந்த வயசுக்கு மேல் எதற்கு என்று சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருப்பார்கள்?

அப்புறம் எழுதிக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷத்தில் ஆயிரம் படம் என்றால் வருஷத்துக்கு இருபத்தைந்து, மாதத்துக்கு இரண்டு. ஆயிரமாவது படத்தின் பின்னணி இசைக்குத் தேசிய விருதும் கிடைத்தது. காலையில் உட்கார்ந்து முழு பார்ட்டையும் தாளில் எழுதி அன்றைக்கே பதிவு செய்துவிடும் அவர் வழக்கம் கோடம்பாக்கம் அறிந்தது. வாத்தியத்தில் வாசித்துப் பார்த்துவிட்டு எழுதுவதில்லை, படத்தைப் பார்த்துவிட்டு நேரே தாளில் எழுதுவார் என்பதும் அப்படியே. எங்கள் மாதிரி நோட்ஸ்காரர்களுக்கு அது ஒன்றுதான் பெரிய செய்தி. மற்றப் பலரிடம் மெட்டு வரும், அதை ஆர்கெஸ்ட்ராவுக்கு விரித்து எழுத அரேஞ்சர் என்று தனி ஆள் இருப்பார். இவரிடம் அந்த இரண்டு வேலையும் ஒரே கையில் நடந்தது.

படத்துக்கு வெளியே முதல் பெரிய முயற்சி 1986இல் வந்த 'ஹவ் டு நேம் இட்' என்ற இசைத்தொகுப்பு. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஹுக்கும் காணிக்கை. பாஹ் எழுதிய தனி வயலின் உருப்படி ஒன்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் துணிச்சல் அதில் உண்டு. அதில் ஃபியூக் என்ற வடிவத்தையும் தொட்டிருக்கிறார். ஃபியூக் என்றால் என்ன? பஜனையில் முன்னால் பாடுகிறவர் ஒரு வரி பாடி நிறுத்துவார், பின்னால் உள்ளவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். ஃபியூகில் முன்னால் பாடுகிறவர் நிறுத்துவதில்லை. பின்னவர் அதே வரியை ஐந்தாவது ஸ்வரத்திலிருந்து தொடங்கும்போது முன்னவர் அதற்குப் பொருந்துகிற வேறொரு வரியைப் பாடிக்கொண்டிருப்பார். அப்புறம் மூன்றாமவர். மூன்று பேரும் ஒரே நேரத்தில் வேறு வேறு பேசுகிறார்கள், ஆனால் சண்டை இல்லை. ராகத்தை மீறாமல் இதைச் செய்வது கஷ்டத்திலும் கஷ்டம். ராகத்தில் ஸ்வரங்களுக்கு வரிசை இருக்கிறது, கமகம் இருக்கிறது. நாலு குரல் சேர்ந்து ஒலிக்கும்போது அந்த நெளிவுகள் ஒன்றையொன்று இடிக்கும். இளையராஜாவின் வாழ்நாள் வேலை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்த இடிபாட்டைச் சமாளித்ததைத்தான் சொல்வேன். இது என் அபிப்பிராயம், கர்நாடக வித்வான்களில் இதை ஒத்துக்கொள்ளாதவர்கள் உண்டு.

1993இல் லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்து ஜான் ஸ்காட் நடத்த ஒரு சிம்பொனி பதிவானது. அது வெளியாகவில்லை. வெளியாகாத படைப்பைப் பற்றி ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், அதில் எதையும் நான் எடுத்துச் சொல்லப் போவதில்லை. 2005இல் வந்த திருவாசகத்தைச் சிம்பொனி என்று எல்லோரும் சொல்கிறோம், தட்டியிலும் அப்படித்தான் போட்டார்கள். முறையாகப் பார்த்தால் அது ஓரட்டோரியோ, பக்திப் பாடலைக் குரலும் கொயரும் ஆர்கெஸ்ட்ராவுமாகச் சொல்லும் வடிவம். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. எனக்கு அதில் பிடித்த விஷயம் வேறு. மாணிக்கவாசகர் நம்ம மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர்க்காரர். குதிரை வாங்கப் போன பாண்டியன் மந்திரி, அவருக்காக நரி பரியானது, வைகைக் கரையில் பிட்டுக்கு மண் சுமந்தது எல்லாம் நம்ம ஊர்க் கதை. பிட்டுத் திருவிழாவுக்கு வருஷா வருஷம் கூட்டம் கூடுகிறது. அந்த வாதவூரார் வரியை ஹங்கேரி நாட்டு வயலின்காரர்கள் வாசிக்க ஒரு பண்ணைப்புரத்துக்காரர் எழுதிக் கொடுத்தார் என்றால், கேட்கும்போது காது மட்டும் கேட்டுக்கொண்டிருக்காது. இந்தப் பாசம் கழித்துப் பார்த்தாலும் நல்ல உருப்படிதான், ஆனால் கழித்துப் பார்க்க எனக்கு முழுசாக முடியவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கடைசியாக 2025 மார்ச் 8, லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கம். 'வேலியன்ட்' என்ற சிம்பொனி, நான்கு பாகம், ராயல் பில்ஹார்மோனிக் கலைஞர்கள் வாசித்தார்கள், மைக்கேல் டாம்ஸ் நடத்தினார். எண்பத்தொரு வயசில் ஒருவர் உட்கார்ந்து எழுதியது. இவ்வளவும் உறுதியான செய்தி. இதைச் சுற்றி ஒட்டிக்கொண்ட சில பட்டங்கள் உறுதி இல்லை, அவற்றைக் கொஞ்சம் உரித்துவிடலாம். 'சிம்பொனி எழுதிய முதல் ஆசியர்' என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது, அது தப்பு. ஜப்பானின் கோசாகு யமாடா பெர்லினில் படித்து 1912இலேயே சிம்பொனி எழுதிவிட்டார். முதல் இந்தியர் என்பதிலும் வழக்கு உண்டு. பண்டிட் ரவிசங்கரின் சிம்பொனியை 2010இல் லண்டன் பில்ஹார்மோனிக் வாசித்திருக்கிறது. அதில் சிதார் முன்னால் நிற்பதால் அதைக் கான்செர்ட்டோ (ஒரு தனி வாத்தியத்தை முன்னால் நிறுத்தும் வடிவம்) என்று சொல்லலாமா என்று வாதாடுபவர்கள் வாதாடலாம், ஆர்கெஸ்ட்ராவுக்கான நோட்டேஷனில் அதைக் கொண்டுவந்தவர் நடத்துநர் டேவிட் மர்ஃபி என்பதையும் சொல்லலாம். எப்படியானாலும் 'முதல்' என்ற பட்டம் இளையராஜாவுக்குத் தேவையே இல்லை. கருணாநிதி கொடுத்த 'இசைஞானி'யே இத்தனை வருஷமாக நிற்கிறது.

35 நாள் விஷயத்துக்கு வருவோம். 34 என்றும் 35 என்றும் சொல்லப்படுகிறது, அது அவர் வாய்மொழி. பக்கத்தில் உட்கார்ந்து காலண்டரைக் கிழித்தவர் யாரும் இல்லை. ஆனால் நம்ப முடியாததா? மேலே போட்ட கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 900 பாரை 35ஆல் வகுத்தால் நாளுக்கு இருபத்தாறு பார், ஒரு நிமிடத்துக்கும் குறைவான இசை. ஒரு படத்தின் பின்னணி இசை முழுவதையும் சில நாளில் எழுதி முடித்துப் பழகிய கைக்கு இது பெரிய பாரமே இல்லை. புதிதாக எழுதக் கற்றவருக்கு இருபத்தாறு பார் ஒரு மாத வேலை. வேகத்தை வைத்து ஆச்சரியப்படுவதாக இருந்தால் மோட்ஸார்ட்டைப் பார்த்து ஆச்சரியப்படலாம். 1783இல் லின்ஸ் ஊருக்குப் போனவர், கையில் சிம்பொனி இல்லை, நவம்பர் 4 கச்சேரி என்றதும் நாலைந்து நாளில் ஒன்றை எழுதி முடித்தார். இன்னொரு மேதை பிராம்ஸ் தன் முதல் சிம்பொனியை வைத்துக்கொண்டு இருபது வருஷம் இழுத்து 1876இல்தான் முடித்தார். இரண்டையும் இன்றைக்கும் வாசிக்கிறார்கள், டிக்கெட் வாங்குகிறவன் எத்தனை நாளில் எழுதியது என்று கேட்பதில்லை.

அப்படியானால் இந்தச் சிம்பொனி எப்படி என்று அடுத்துக் கேட்பீர்கள். நான் அந்த அரங்கத்தில் இருந்தவன் இல்லை. பொதுவாக ஒன்று சொல்லலாம். சினிமாவுக்கு எழுதி எழுதிப் பழகிய கைக்கு ஒரு வழக்கம் படிந்துவிடும். முப்பது நொடி, ஒரு நிமிடம், கூடினால் இரண்டு நிமிடம், அதற்குள் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்துவிட வேண்டும். காட்சி மாறிவிடும். சிம்பொனியில் காட்சி கிடையாது. பத்து நிமிடம் ஒரே கருப்பொருளைப் பிடித்துக்கொண்டு, அலுக்காமல், புதுசு புதுசாக இறக்காமல் வளர்க்க வேண்டும். அழகான மெட்டு நிறைய வருகிறவருக்குத்தான் இது கஷ்டம், அடுத்த மெட்டு வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே கேட்கும்போது மெட்டு எவ்வளவு அழகு என்று பார்க்காதீர்கள். முதல் நிமிடத்தில் வந்த ஒரு சின்னத் துணுக்கு எட்டாவது நிமிடத்தில் என்னவாகி நிற்கிறது என்று கவனியுங்கள். இன்னொன்று, முதல் கச்சேரி எந்தச் சிம்பொனிக்கும் தேர்வு இல்லை. எழுதினவர் எதிரில் இல்லாதபோது, அவர் யாரென்றே அறியாத ஒரு குழு, அந்த ஸ்கோரை அலமாரியிலிருந்து எடுத்து ஸ்டாண்டில் வைக்கிறதே, அன்றைக்குத்தான் அதற்கு ஆயுசு ஆரம்பம்.

இப்போது உங்கள் பையன். பிழைப்பு என்று பார்த்தால், ஆர்கெஸ்ட்ராவுக்கு மட்டும் எழுதி அரிசி வாங்க இந்தியாவில் முடியாது. முழு நேரத் தொழில்முறைக் குழு என்று சொன்னால் 2006இல் மும்பையில் தொடங்கிய சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியாதான். வெளிநாட்டிலும் நிலைமை ரொம்ப வித்தியாசம் இல்லை. இன்றைக்கு உலகப் புகழ் பெற்ற அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸின் ஆப்பரா (இசை நாடகம்) 1976இல் நியூயார்க்கின் பெரிய அரங்கில் நடந்தது, அதற்கு அப்புறமும் அவர் டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தார். சினிமாவிலும் இப்போது தந்தி வாத்தியம் வேண்டுமென்றால் புடாபெஸ்டுக்கு இணையத்தில் ஸ்கோரை அனுப்பிப் பதிவு செய்துவிடுகிறார்கள், இல்லையென்றால் கம்ப்யூட்டரிலேயே முடிந்துவிடுகிறது. என் மாதிரி நோட்ஸ் எழுதுகிறவனின் வேலையையும் சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது. அது கிளாரினெட்டைத் தானே ஏற்றிவிடும், தப்பு செய்யாது, கோபித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பக்கம் திருப்பும் இடத்தில் வயலின்காரருக்கு ஓய்வு விழுகிற மாதிரி அமைக்க இன்றைக்கும் மனுஷன் கண் வேண்டும். ஒரு ஸ்டாண்டுக்கு இரண்டு பேர், உள்பக்கம் இருப்பவர் தாளைத் திருப்பினால் பாதிச் சத்தம் போய்விடும்.

படிக்க வழி உண்டு. பசுமலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, அங்கே கிடைப்பது நம்ம சங்கீதம், காதுக்கும் லயத்துக்கும் அதைவிட நல்ல அஸ்திவாரம் இல்லை. மேற்கத்திய முறைக்கு டிரினிட்டி கிரேடு தேர்வுகளுக்குத் தயார் செய்யும் ஆசிரியர்கள் மதுரையிலேயே இருக்கிறார்கள். வாத்தியத்தோடு தியரியையும் விடாமல் எழுதச் சொல்லுங்கள், நிறையப் பேர் வாத்தியத் தேர்வு மட்டும் கொடுத்துவிட்டுத் தியரியைத் தள்ளிப்போடுகிறார்கள். பிறகு சென்னையில் ஏ.ஆர்.ரகுமான் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி மாதிரி இடங்கள். நாலு குரலில் பாடும் ஒரு சர்ச் கொயர் பக்கத்தில் இருந்தால், எந்த மதமாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை பயிற்சியை ஓரமாக உட்கார்ந்து கேட்க அனுமதி வாங்கித் தாருங்கள். எனக்கு ஹார்மனி புரிந்தது புத்தகத்தில் இல்லை, பின்வரிசையில் டெனர் பாடிக்கொண்டு பக்கத்து பாஸ், அதாவது கீழ்க்குரலைக் காதில் வாங்கியதில்தான். பழைய மேதைகளின் ஸ்கோர்கள் இணையத்தில் இலவசம். யூடியூபில் இசையை ஓடவிட்டுத் தாளில் விரல் வைத்துக்கொண்டு தொடரட்டும். முதல் மாதம் வழி தப்பிக்கொண்டே இருப்பான், பயப்பட வேண்டாம், எல்லோருக்கும் அப்படித்தான்.

பணம் கட்டுவதற்கு முன்னால் வீட்டிலேயே ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். கீபோர்டை ஒரு வாரம் பீரோவுக்கு மேலே ஏற்றிவிடுங்கள். ஸ்டாஃப் தாளும் பென்சிலும் ரப்பரும் கொடுத்து, இரண்டு வயலின், ஒரு செல்லோவுக்கு எட்டே எட்டு பார் எழுதச் சொல்லுங்கள். வாசித்துப் பார்க்கக் கூடாது, மனசில் கேட்டதை எழுத வேண்டும். வாரக் கடைசியில் கீபோர்டை இறக்கி, எழுதியதை அப்படியே வாசித்துப் பார்க்கட்டும். நினைத்தது ஒன்று, வந்தது ஒன்றாகத்தான் இருக்கும், நிச்சயம். அந்த நேரத்தில் அவன் முகத்தைப் பாருங்கள். தாளை மூலையில் போட்டுவிட்டுத் தெரிந்த பாட்டை வாசிக்க ஆரம்பித்தால், நல்ல கீபோர்டு பிளேயர் ஆவான், அதுவும் கௌரவமான பிழைப்புதான். எந்த இடத்தில் காது ஏமாற்றியது என்று தேடி, அந்தப் பாரை மட்டும் அழித்துவிட்டு, கீபோர்டை மறுபடி மேலே வைக்கச் சொன்னான் என்றால், மதுரைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.